புள்ளைய யார் வீட்டுல விடுறது?

(நம் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், அலங்காநல்லூரில் பேசியதன் எழுத்து வடிவம்)

பாலமேடு பக்கமிருந்து, வாடிப்பட்டி பக்கமிருந்து முதல் பஸ்ஸப் பிடிச்சு வந்தவங்க பசியோட இருப்பீங்க. சாப்பாட்டு வாசம் வேற வருது. அதனால சுத்தி வளைக்காம பேசிடுறேன்.

சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் பத்திப் பேச நம்ம கூட்டமைப்புல என்னைவிட விவரமானவங்க இருக்காங்க. என்னைக் கூப்பிட்டது வேற ஒண்ணுக்கு. பத்து வருஷத்துக்கு மேல குழந்தைகள் நலக் குழுவுக்கு விசாரணை அறிக்கை எழுதுற வேலை பார்த்தவ நான். தாய் தகப்பன் இல்லாம நிக்கிற புள்ளை, இருந்தும் பாத்துக்க முடியாம நிக்கிற புள்ளை, இவங்கள எந்த வீட்டுல விடுறதுன்னு முடிவு எடுக்குறதுக்கு முன்னால வீடு வீடாப் போய் விசாரிக்கணும். அந்த வேலை. நானும் குழுவுல சந்தா கட்டி, தீர்மான நோட்டு எழுதுனவதான். அதனால உங்க பாஷையிலயே பேசலாம்.

உங்க தலைவி அக்கா என்கிட்ட சொன்னாங்க: "ஒரு உறுப்பினர் இறந்துபோனா நம்ம குழு மாலையோட போய் நிக்குது. இன்சூரன்ஸ் பணத்த அலைஞ்சு வாங்கிக் குடுத்துருது. கடன் பாக்கிய நேர் பண்ணிருது. அதுக்கப்புறம் அந்தப் புள்ளைங்க எங்க போச்சுன்னு நம்ம நோட்டுல இல்லை." இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வந்தேன்.

நம்ம ஊர்ல இந்த முடிவு எப்ப நடக்கும்? உங்களுக்கே தெரியும். கருமாதி அன்னைக்குச் சாயங்காலம். பந்தலப் பிரிச்சு, வாடகைப் பாத்திரத்த எண்ணி ஏத்திவிட்டு, வெளியூர்க்காரவுக பையத் தூக்கிக்கிட்டுக் கிளம்புற நேரம். அப்பத்தான் யாராவது ஒருத்தர் கேப்பாங்க, "சரி, புள்ளைங்களுக்கு என்ன வழி?"

பெரியவளுக்குப் பதினொரு வயசு இருக்கும். "எனக்கும் ஒத்தாசையா இருக்கும், நான் கூட்டிட்டுப் போறேன்" அப்படிம்பாங்க அத்தை. பையனுக்கு அஞ்சு வயசு. "ஆம்பளப் புள்ளை, என் வீட்டுல கிடக்கட்டும்" அப்படிம்பாரு தாய்மாமன். கைக்குழந்தை ஒண்ணு இருந்தா, "எனக்குத் தெரிஞ்ச இடத்துல புள்ளை இல்லாதவுக இருக்காக, ராசா மாதிரி வளப்பாக"ன்னு ஒருத்தர் ஆரம்பிப்பாரு. பஸ் வர்றதுக்குள்ள மூணு புள்ளை மூணு ஊருக்குப் பிரிச்சாச்சு. இதச் சொல்றவங்க யாரும் கெட்டவங்க இல்லை. பெரும்பாலும் நல்ல மனசுதான். தன் வீட்டுலயே அரிசி அளந்து போடுற நெலமையில இன்னொரு வாய்க்குச் சோறு போடுறேன்னு முன்வர்றது லேசுப்பட்ட காரியமா?

ஆனா அந்தத் திண்ணையில ஒருத்தர்கிட்ட மட்டும் யாரும் எதுவும் கேக்கல. அந்தப் புள்ளைகிட்ட.

ஒரு புள்ளைய நான் மறக்க முடியாது. பேரு ஊரு சொல்ல மாட்டேன். இந்த மாதிரிக் குழந்தைகளோட அடையாளத்த வெளியிடக்கூடாதுன்னு சட்டமே இருக்கு, அதனால நான் சொல்ற கதை எல்லாத்துலயும் ஊரையும் சில விவரத்தையும் மாத்தித்தான் சொல்லுவேன். ஒன்பது வயசு. குழுவுக்கு முன்னால உட்கார வச்சு, "உனக்கு யார் வீட்டுல இருக்கப் பிடிக்கும்மா?"ன்னு கேட்டாங்க. அது பதில் சொல்லல. ரொம்ப நேரம் கழிச்சுத் திருப்பிக் கேட்டுச்சு: "தம்பி எங்க படுப்பான்?" அவ்வளவுதான். அத்தை வீடா சித்தி வீடாங்கறதெல்லாம் அதுக்குப் பெரிசில்லை. ராத்திரி தம்பி பக்கத்துல படுக்கணும். அம்மா போனதுல இருந்து அதுதான் அவனுக்குத் தாய்.

இப்ப சட்டம் என்ன சொல்லுதுன்னு பாப்போம். இளைஞர் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டம், 2015. நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரியில. இதுபடி மாவட்டத்துக்கு ஒரு குழந்தைகள் நலக் குழு இருக்கும். தலைவர் ஒருத்தர், உறுப்பினர் நாலு பேர், அதுல ஒருத்தராவது பெண்ணா இருக்கணும். மாசத்துல 20 நாளாவது கூடணும். ஒரு மாஜிஸ்திரேட்டுக்கு உண்டான அதிகாரம் இந்தக் குழுவுக்கு உண்டு. ஆதரவு இல்லாம ஒரு புள்ளை கிடைச்சா, பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள்ள குழு முன்னால ஆஜர்படுத்தணும். போலீஸ்தான் கூட்டிட்டுப் போகணும்னு இல்லை. சமூக சேவை செய்யறவங்க, நர்ஸ், டாக்டர் கூட்டிட்டுப் போகலாம். புள்ளை தானாவும் போகலாம். 1098க்கு ஒரு போன் போட்டாலே வேலை ஆரம்பிச்சிரும்.

அதுக்கப்புறம் விசாரணை. 15 நாளைக்குள்ள விசாரணை அறிக்கைய முடிச்சுக் குடுக்கணும், நாலு மாசத்துக்குள்ள குழு இறுதி ஆணை போடணும்னு சட்டத்துல இருக்கு. எல்லா நேரமும் அப்படி நடக்குதான்னு கேட்டா, இல்லை. உறுப்பினர் இடம் காலியா கிடக்கும், ஆள் பத்தாது, பக்கத்து மாவட்டத்துல இருந்து ஒரு தாள் வர மாசக்கணக்குல ஆகும். அதுவரைக்கும் புள்ளை இல்லத்துல காத்துக்கிட்டு இருக்கும். பெரியவங்களுக்கு நாலு மாசம் சும்மா ஓடிரும். ஆறு வயசுப் புள்ளைக்கு அது எவ்வளவு நீளம்னு யோசிச்சுப் பாருங்க.

குழு முடிவு எடுக்குறதுல ஒரு வரிசை இருக்கு. இதை மட்டும் மனசுல வாங்கிக்கங்க. முதல்ல சொந்த வீடு. தாயோ தகப்பனோ உயிரோட இருந்தா, அவங்க பாத்துக்க முடியாததுக்குக் காரணம் என்ன, வறுமைதான் காரணம்னா உதவி பண்ணி அந்த வீட்டுலயே விட முடியுமா? அது முடியலேன்னா ரத்த சொந்தம். அதுவும் அமையலேன்னா, சொந்தம் இல்லாத வேறொரு குடும்பம், அதுக்குப் பேர்தான் வளர்ப்புப் பராமரிப்பு. இல்லம், விடுதி எல்லாம் கடைசி வழி. "கடைசி வழியாகத்தான் நிறுவனத்தில் சேர்க்க வேண்டும்"ங்கறது சட்டத்தோட அடிப்படைக் கொள்கையிலயே இருக்கு. ஆனா நம்ம பழக்கம் தலைகீழ். "ஆஸ்டல்ல போட்ருவோம், மூணு வேளை சோறு, படிப்பு"ன்னுதான் முதல் யோசனையே வரும். எத்தனை தாய்மார், புருஷன் போன மறு மாசமே புள்ளைய இல்லத்துல விட்டுட்டு திருப்பூருக்கு வேலைக்குப் போயிருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும். அவங்களக் குத்தம் சொல்லல. வேற வழி இருக்குன்னு அவங்களுக்கு யாரும் சொல்லல.

அந்த வழி என்னன்னு இப்பவே சொல்லிடுறேன். நிதி ஆதரவுத் திட்டம். மிஷன் வாத்சல்யா திட்டத்துல ஒரு குழந்தைக்கு மாசம் 4000 ரூபாய். புருஷன் இறந்த தாய், கைவிடப்பட்ட தாய், தாய் தகப்பன் ரெண்டு பேரும் இல்லாம அப்பத்தா, அம்மாச்சி, பெரியம்மா வீட்டுல வளர்ற புள்ளை, பெத்தவங்க உயிருக்கு ஆபத்தான நோயில கிடக்குற வீடு, இவங்க எல்லாரும் விண்ணப்பிக்கலாம். கிராமத்துல குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000 ரூபாய்க்குள்ள இருக்கணும், நகரத்துல 96,000. புள்ளை பள்ளிக்கூடம் போகணும். விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகும், அங்கிருந்து மாவட்ட ஆட்சியர் தலைமையில இருக்குற ஒப்புதல் குழுவுக்குப் போகும். இது போக, தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பர்ல அன்புக்கரங்கள்னு ஒரு திட்டம் ஆரம்பிச்சிருக்கு. பெத்தவங்க ரெண்டு பேரும் இல்லாத, இல்ல ஒருத்தர் போயி இன்னொருத்தரால பராமரிக்க முடியாத ஏழைக் குழந்தைக்கு 18 வயசு முடிய மாசம் 2000 ரூபாய். எது பொருந்தும்னு அலகுல கேட்டுத் தெரிஞ்சுக்கங்க.

சரி, விசாரணைக்குப் போனா என்ன பாப்போம்? இதத்தான் எல்லாரும் கேப்பாங்க. "மேடம், எங்க வீடு தார்சு வீடு, தனி ரூம் இருக்கு, ஏசி இருக்கு" அப்படின்னு ஆரம்பிப்பாங்க. வீட்டுப் பத்திரத்தக்கூடக் கொண்டுவந்து காட்டுனவங்க இருக்காங்க. நான் அதையும் எழுதிக்குவேன், இல்லேன்னு சொல்லல. ஆனா பேசிக்கிட்டே வீட்டச் சுத்திப் பாப்பேன். புள்ளை எங்க படுக்கும்? ராத்திரி வீட்டுல யாரெல்லாம் இருப்பாங்க? வயசுக்கு வந்த பொம்பளப் புள்ளைய விடப்போற வீட்டுல ஆம்பளைங்க எத்தனை பேர், யார் குடிக்கிறவர்? கக்கூஸ் எங்க இருக்கு, ராத்திரி வெளிய போகணுமா? பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? இப்பப் படிக்கிற அதே பள்ளிக்கூடத்துலயே தொடர முடியுமா? அந்த வீட்டுப் புள்ளைங்க இதப் பத்தி என்ன சொல்லுது? "அவ வந்தா என் கட்டிலக் குடுக்கணுமாம்"னு ஒரு பையன் முகத்தத் தூக்கி வச்சிருந்தான். அவன்கிட்ட அரைமணி நேரம் பேசினேன். அந்த வீட்டுல அவன் சம்மதம்தான் ரொம்ப முக்கியம்னு எனக்குப் பட்டுச்சு.

இன்னொண்ணும் கவனிப்பேன். செத்துப்போன தாயப் பத்தி அந்த வீட்டுல எப்படிப் பேசுறாங்க? "அவ சரியா இருந்திருந்தா இப்படி ஆகுமா"ன்னு புள்ளை காதுபடப் பேசுற வீடு எத்தனை மெத்தையா இருந்தாலும் எனக்குப் பயம்தான்.

ஒரு தடவை ரெண்டு வீட்டுக்கு அறிக்கை எழுத வேண்டியிருந்தது. ஒண்ணு மதுரை நகரத்துல, கடை வச்சிருக்குற தூரத்துச் சொந்தம். ரெண்டு புள்ளையில மூத்ததை மட்டும் எடுத்துக்கிறோம்னாங்க, இங்கிலீஷ் மீடியத்துல படிக்க வைக்கிறோம்னாங்க. இன்னொண்ணு பெரியம்மா. சிமெண்ட் சீட்டுப் போட்ட ஒரே பத்தி வீடு. காலையில இட்லிக்கடை போடுற பொம்பளை. "ரெண்டையும் விட்டுட்டுப் போங்கம்மா, ஒண்ண எடுத்து ஒண்ண விட்டா என் தங்கச்சி என்னைச் சும்மா விடுவாளா?"ன்னு கேட்டுச்சு அந்தம்மா. குழு பெரியம்மா வீட்டுக்குத்தான் ஆணை போட்டுச்சு. காசு இல்லைங்கற குறைய நிதி ஆதரவ வச்சுச் சரிபண்ணலாம். பிரிஞ்சுபோன அக்கா தம்பிய எத வச்சுச் சரிபண்ணுறது? அந்த வீட்டுல பெரியவ விடிகாலையில மாவாட்ட எந்திரிக்கிறாளான்னு மட்டும் மூணு மாசம் போய்ப் பாத்துக்கிட்டே இருந்தேன். எந்திரிக்கல. தூங்குனா.

சொந்தம்னா எல்லாமே சரின்னும் இல்லை. இதையும் சொல்லித்தான் ஆகணும். தாயும் தகப்பனும் ரெண்டு பேரும் சாலை விபத்துல போன ஒரு வீடு. ஒரு பொம்பளப் புள்ளை. எட்டு மாசமா எட்டிப் பாக்காத சித்தப்பா, நஷ்ட ஈடு பெரிய தொகை வரும்னு வக்கீல் சொன்ன வாரத்துல வந்து நின்னாரு. "என் அண்ணன் மகள், நான்தான் வளப்பேன்." கண்ணீரெல்லாம் வந்துச்சு. நான் சாதாரணமாக் கேட்டேன், "பாப்பா எந்த வகுப்பு படிக்குது?" யோசிச்சாரு. "அஞ்சோ ஆறோ..." அது எட்டாவது. பிறகு, மைனர் புள்ளையோட பங்கு பொதுவா வங்கியில வைப்பா இருக்கும், 18 வயசு முடிஞ்சாத்தான் அதுக்கே கிடைக்கும்னு எடுத்துச் சொன்னோம். அடுத்த வாய்தாவுக்கு அவர் வரல. அந்தப் புள்ளை இப்ப அம்மாச்சிகிட்ட இருக்கு. அதனால பணம், நிலம், வீடு எந்தப் புள்ளை பேர்லயாவது இருக்குன்னு தெரிஞ்சா, அத விசாரணைக்கு வர்றவங்ககிட்ட மறக்காமச் சொல்லுங்க. பத்து சென்ட்டா இருந்தாலும் சொல்லுங்க.

இனி வளர்ப்புப் பராமரிப்புக்கு வருவோம். சொந்தம் யாரும் இல்லை, இருந்தும் விட முடியாது. அப்பத்தான் சொந்தம் இல்லாத ஒரு குடும்பம் தேவைப்படுது. ஆறு வயசுக்கு மேற்பட்ட புள்ளைகளுக்குத்தான் இது. தத்துக் குடுக்கலாம்னு குழு முடிவு பண்ணின குழந்தைய நீண்ட காலத்துக்கு இப்படி விடக்கூடாது, அதுக்கு நிரந்தரமா ஒரு வீடு கிடைக்கணும். 2024ல மத்திய அரசு புது வழிகாட்டுதல் கொண்டுவந்துச்சு. முன்னால தம்பதிக்கு மட்டும்தான். இப்ப தனியா இருக்குறவங்களும், கல்யாணம் ஆகாதவங்க, விதவை, விவாகரத்து ஆனவங்க, 35 வயசுலயிருந்து 60 வயசுக்குள்ள இருந்தா விண்ணப்பிக்கலாம். தனியா இருக்குற பெண் ஆண் குழந்தை, பெண் குழந்தை யார வேணா வளர்க்கலாம். தனி ஆம்பளை ஆண் குழந்தைய மட்டும்தான். தம்பதின்னா ரெண்டு வருஷமாவது நிலையா சேந்து வாழ்ந்திருக்கணும். இதக் கேட்டப்ப எனக்கு நம்ம குழுவுல இருக்குற எத்தனையோ பேர் முகம் ஞாபகம் வந்துச்சு. ஒத்தையா நின்னு மூணு புள்ளைய ஆளாக்கி, கடைசிப் புள்ளையும் கல்யாணம் ஆகிப் போயி, சாயங்காலமானா வீட்டுல பேச ஆளில்லாம டிவியப் பாத்துக்கிட்டு இருக்குற அக்காமார். உங்களத்தான் சொல்றேன். சிரிக்காதீங்க.

ஆனா ஒண்ணு. இது தத்து இல்லை. நம்ம ஆளுங்களுக்கு இதுதான் புரியவே மாட்டேங்குது. தத்துன்னா புள்ளை உங்களோடது, சொத்துரிமை உட்பட. வளர்ப்புப் பராமரிப்புல புள்ளை உங்க வீட்டுல இருக்கும், உங்க கையால சாப்பிடும், உங்களை அம்மான்னுகூடக் கூப்பிடும். ஆனா அதைப் பெத்தவ எங்கயோ ஆஸ்பத்திரியிலயோ ஜெயில்லயோ இருக்கலாம். அவ வந்து பாக்க உரிமை உண்டு, அது புள்ளைக்குக் கெடுதல்னு குழு காரணம் எழுதித் தடுத்தாலொழிய. அவ தேறி வந்துட்டா, பாத்துக்க முடியும்னு குழு முடிவு பண்ணிட்டா, புள்ளை திரும்பிப் போகும். போகணும். ரொம்ப நாள் ஒரே குடும்பத்துல இருந்து, புள்ளை சட்டப்படி தத்துக்குத் தகுதியாயிட்டா, அந்தக் குடும்பமே தத்தெடுக்க வழி இருக்கு. முன்னால அஞ்சு வருஷம் வளர்த்திருக்கணும், 2024லயிருந்து அது ரெண்டு வருஷமாக் குறைஞ்சிருக்கு. ஆனா அத நெனச்சுக்கிட்டு உள்ள வராதீங்க.

திருப்பிக் குடுக்குறதுதான் கஷ்டம். தோப்பூர் காசநோய் ஆஸ்பத்திரியில சேர்ந்த ஒரு தாய். புருஷன் விட்டுட்டுப் போயிட்டான். ஏழு வயசு மகன். சொந்தத்துல ஒருத்தரும் ஏத்துக்கல, நோய் பயம். அவ குழுவுல இருந்த ஒரு அக்கா, "நான் வச்சுக்கிறேன்"னு வந்துச்சு. குழந்தைகள் நலக் குழு அந்த அக்காவ விசாரிச்சு, தகுதியான நபர்னு ஏத்துக்கிட்டு, குறிப்பிட்ட காலத்துக்கு ஆணை போட்டுச்சு. பையனுக்கும் பரிசோதனை பண்ணி, அவனுக்கு நோய் இல்லைன்னு உறுதியாச்சு. எட்டு மாசம். தாய் தேறி வந்துட்டா. பையனக் கூட்டிட்டுப் போற அன்னைக்கு அந்த அக்கா வீட்டுல சோறு பொங்கல. எனக்கு போன் பண்ணி, "சந்தோசமாத்தான்மா இருக்கு, ஆனா ஏன் இப்படி வயித்தப் பிசையுது?"ன்னு கேட்டுச்சு. பதில் சொல்லத் தெரியல. அந்தப் பையனும் அவன் அம்மாவும் இன்னமும் பொங்கலுக்கு அந்த வீட்டுக்கு வர்றாங்க. அந்த அக்கா ரெண்டாவதா ஒரு புள்ளைய வச்சுக்க இன்னைக்கு வரைக்கும் சம்மதிக்கல. அதுவும் நியாயம்தான்.

காசப் பத்தியும் கேப்பீங்க. வளர்ப்புக் குடும்பத்துக்கும் மாசம் 4000 ரூபாய். அது புள்ளைக்கு. அத நம்பிக் கடன் தவணை கட்டலாம்னு கணக்குப் போடாதீங்க. மாசாமாசம் தேதி தவறாம வரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன், சில சமயம் மொத்தமா சேந்து வரும். விசாரணைக்குப் போன இடத்துல ரூபாயப் பத்தி முதல் கேள்வியாக் கேட்ட வீட்ட நான் தள்ளிவிடல. ஏழை வீடுன்னா கேக்கத்தான் செய்வாங்க. ரூபாயப் பத்தி மட்டும் கேட்டுட்டு, புள்ளை பேர் என்னன்னு கேக்காத வீட்டத்தான் யோசிச்சேன்.

இப்ப கைக்குழந்தை விஷயம். "தெரிஞ்ச இடத்துல குடுத்துருவோம்"ங்கற பேச்சு. வேண்டாம். இருபது ரூபாய் பத்திரத்துல எழுதிக் குடுத்தாலும் அது செல்லாது. சட்ட முறைய மீறித் தத்துக் குடுத்தா, வாங்குனா மூணு வருஷம் வரைக்கும் சிறை, இல்ல ஒரு லட்சம் அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். காசு கைமாறுனா அஞ்சு வருஷம் வரைக்கும் கடுங்காவல். 2021 ஜூன்ல நம்ம மதுரையிலயே என்ன நடந்துச்சு? ஆதரவில்லாத தாயோட ஒரு வயசுப் புள்ளை ஒரு தனியார் காப்பகத்துல இருந்துச்சு. கொரோனாவுல இறந்துருச்சுன்னு சொல்லி, அடக்கம் பண்ணதாப் போலித் தாளே தயார் பண்ணினாங்க. போலீஸ் தேடினப்ப புள்ளை உயிரோட வேற ஒரு தம்பதி வீட்டுல இருந்துச்சு. வித்திருக்காங்க. இன்னொரு புள்ளையும் அதே மாதிரி மீட்கப்பட்டுச்சு. ஒரு புள்ளை எங்க போகணும்னு ஒருத்தர் மட்டும், யாருக்கும் கணக்குச் சொல்லாம முடிவு பண்ணினா இதான் நடக்கும். அதனாலதான் இறுதி ஆணைக்குக் குழுவுல மூணு பேராவது இருக்கணும்னு வச்சிருக்காங்க. வளர்க்கவே முடியாத தாய், குழந்தைகள் நலக் குழுகிட்டயே ஒப்படைக்கலாம். யோசிச்சுப் பாக்க அவளுக்கு ரெண்டு மாசம் அவகாசம் உண்டு. மனசு மாறினா திரும்ப வாங்கிக்கலாம். யாரும் அவளைத் திட்டக் கூடாது.

அரசாங்கம் முடிவு பண்ணினாலே சரியா இருக்கும்னும் நான் சொல்ல வரல. ஆஸ்திரேலியாவுல பல பத்து வருஷமா பழங்குடிப் பிள்ளைகள அரசாங்கமே பெத்தவங்ககிட்ட இருந்து பறிச்சு இல்லத்துலயும் வெள்ளைக்காரக் குடும்பத்துலயும் வளர்த்துச்சு. வசதியான வீடுன்னுதான் சொன்னாங்க. 2008 பிப்ரவரியில அந்த நாட்டுப் பிரதமர் நாடாளுமன்றத்துல நின்னு மன்னிப்புக் கேட்டாரு. ஏழை வீடுங்கறதுனால மட்டும் புள்ளைய எடுக்கக் கூடாதுங்கறது உலகம் பட்டுக் கத்துக்கிட்ட பாடம்.

இதுல உங்க பங்கு எங்க வருது? விசாரணை அறிக்கையில அக்கம்பக்கத்தார் என்ன சொல்றாங்கன்னு எழுத ஒரு இடம் இருக்கு. பல அறிக்கையில அந்த இடத்துல "நல்லவிதமாகக் கூறினர்"னு ஒரே வரி இருக்கும். ஏன்னா நாங்க போய்க் கேட்டா நீங்க வாய் திறக்கிறதில்லை. "நமக்கு எதுக்கு வம்பு, நாளைக்கு மூஞ்சியில முழிக்கணும்." எனக்குப் புரியுது. ஆனா அந்த வீட்டுக்காரர் குடிச்சிட்டு வந்தா எப்படி இருப்பாருன்னு நான் ஒரு மணி நேரத்துல கண்டுபிடிக்க முடியாது. வாராவாரம் கூட்டத்துல பக்கத்துல உட்கார்ற உங்களுக்குத் தெரியும். தெருவுல வச்சுக் கேட்டா சொல்லாதீங்க. தனியாக் கூப்பிட்டுச் சொல்லுங்க, போன்ல சொல்லுங்க. நல்லதா இருந்தாலும் சொல்லுங்க. "அந்த அம்மாச்சிக்கு வயசாச்சு, ஆனா பக்கத்து வீட்டுல நாங்க ரெண்டு பேர் இருக்கோம், காலையில நாங்க தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்புவோம்"னு ஒரு குழு ஊக்குநர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க. அந்த ஒரு தாளாலதான் அந்தப் புள்ளை இல்லத்துக்குப் போகாம வீட்டுல இருக்கு.

ஆணை போட்டு விட்ட பிறகும் அப்படித்தான். வளர்ப்புக் குடும்பத்த மாசாமாசம் பார்வையிடணும்னு சட்டம் சொல்லுது. அஞ்சு பேர் இருக்குற குழு, இவ்வளவு பெரிய மாவட்டம். எல்லா வீட்டுக்கும் எல்லா மாசமும் போறாங்கன்னு நெனச்சா அது ஆசைதான். அடுத்த தெருவுல இருக்குற நீங்க வாரம் ஒருக்கா போலாம். சும்மா போங்க, ஒரு முழம் பூ வாங்கிட்டுப் போங்க. புள்ளை வந்து பேசுதா, கதவுக்குப் பின்னால நிக்குதா, பள்ளிக்கூடத்து யூனிபார்ம் துவைச்சிருக்கா, கையில சூடு காயம் இருக்கா. ஊராட்சித் தலைவர் தலைமையில கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுன்னு ஒண்ணு இருக்கு. உங்க ஊர்ல அது கூடுதா, யார் யார் உறுப்பினர்னு அடுத்த கிராம சபையில எழுந்து கேளுங்க.

நான் கேக்குறது ஒரே ஒரு தீர்மானம்தான். உறுப்பினர் யாராவது இறந்தா, அடுத்த கூட்டத்துல அவங்க கடன் பாக்கிய எழுதுற அதே பக்கத்துல, புள்ளைங்க பேர், வயசு, படிக்கிற பள்ளிக்கூடம், இப்ப யார் வீட்டுல இருக்காங்கன்னு எழுதுங்க. ஆறு மாசம் கழிச்சு அதே நோட்டப் புரட்டி, எல்லாரும் அங்கயே இருக்காங்களான்னு ஒருக்கா பாருங்க. கருமாதிப் பேச்சு நடக்குறப்ப உங்க ஊக்குநர் ஒருத்தர் அங்க இருக்கட்டும். "ரெண்டையும் சேத்து விட முடியுமா? அதுகிட்ட கேட்டீங்களா?"ன்னு ஒரு வார்த்தை கேக்கட்டும்.

உள்ள வரும்போது ஒரு அம்மா என் கையப் பிடிச்சுக் கேட்டாங்க. மக இறந்துட்டா, மருமகன் வேற கல்யாணம் பண்ணிட்டான், ரெண்டு பேரன் இவங்ககிட்ட இருக்கு. "எனக்கு 68 வயசு, உனக்கு வயசாச்சு, தர மாட்டோம்னு சொல்லிருவாங்களாம்மா?" தாயி, 60 வயசுங்கறது சொந்தம் இல்லாத, தனியா வளர்க்க வர்றவங்களுக்கு. உங்க பேரன உங்ககிட்ட இருந்து யாரும் எடுக்கல. நீங்க விண்ணப்பிக்க வேண்டியது நிதி ஆதரவுக்கு. மகளோட இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, உங்க ஆதாரும் புள்ளைங்க ஆதாரும், வருமானச் சான்று, பள்ளிக்கூடத்துல படிக்கிறாங்கன்னு தலைமையாசிரியர் குடுக்குற சான்று, வங்கிப் பாஸ்புக், இதெல்லாம் ஒரு மஞ்சப் பையில போட்டு எடுத்துட்டு வாங்க. தகப்பன் உயிரோட இருக்கிறதால அவர் பராமரிக்கலைங்கறத விசாரிச்சு எழுதணும். அதுக்குத்தான் உங்க தெரு குழு சாட்சி சொல்லணும். விண்ணப்பத் தாள் இருபது கொண்டுவந்திருக்கேன், மேடைக்குப் பக்கத்து மேசையில இருக்கு. எழுதத் தெரியாதவங்க சாப்பிட்டுட்டு வாங்க, பஸ் நாலு மணிக்குத்தான், உட்கார்ந்து எழுதிக் குடுத்துட்டுப் போறேன்.